ராக், புளூஸ், ரூட்ஸ் ஆல்பங்களுக்குத் தமிழில் விமர்சனம் எழுதுவது எப்படி: சிங்கப்பூரில் தொடங்குபவர்களுக்கு

நான் எழுதிய முதல் ஆல்பம் விமர்சனம், 2021-இல் அமெரிக்க ராக் இரட்டையர் பிளாக் கீஸ் வெளியிட்ட 'டெல்டா கிரீம்' பற்றியது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். "இருவரின் பாட்டெழுதும் திறமை இந்த ஆல்பத்தில் கனிந்திருக்கிறது" என்று ஒரு முழுப் பத்தியே வைத்திருந்தேன். மறுநாள் காலையில் ஆசிரியரிடமிருந்து ஒரு வரி வந்தது: "இதில் ஒரு பாட்டைக்கூட அவர்கள் எழுதவில்லையே?" உண்மைதான். அதிலிருக்கும் 11 பாட்டும் ஆர்.எல்.பர்ன்சைட், ஜூனியர் கிம்பரோ போன்ற மூத்த மிசிசிப்பி புளூஸ்காரர்கள் முன்பே பாடிவந்தவை. ஆல்பத்தின் விவரத் தாளை ஐந்து நிமிடம் படித்திருந்தால் தெரிந்திருக்கும். நான் படிக்கவில்லை.

அடுத்த ஓர் ஆண்டில் 14 விமர்சனம் அனுப்பினேன், 9 திரும்பி வந்தன. ஏன் திரும்பின என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தித்தான் இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் எழுத நினைக்கும் உங்களுக்கு அந்த ஓராண்டு வீணாகக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் எல்லையைக் குறுக்குங்கள்

2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமைதான் வருகின்றன. ஒரே வெள்ளிக்கிழமையில் வருவதையெல்லாம் யாராலும் கேட்டு முடிக்க முடியாது. மாதத்துக்கு இரண்டு ஆல்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் கேட்பது குறையும், எழுத்து மட்டும் நீளும்.

எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால், பாடகர்களைவிட லேபிள்களை, அதாவது ஆல்பம் வெளியிடும் நிறுவனங்களை, பின்தொடருங்கள். சிகாகோவின் அலிகேட்டர், மிசிசிப்பியின் ஃபேட் பாசம், நாஷ்வில்லின் ஈஸி ஐ சவுண்ட், ஜெர்மனியின் ருஃப் ரெக்கார்ட்ஸ், நியூயார்க்கின் நான்சச் ஆகிய ஐந்தின் செய்திமடலில் சேர்ந்துகொண்டால் போதும், வேலை பாதி முடிந்த மாதிரி. 'ரூட்ஸ்' என்று அவர்கள் சொல்வது ஃபோக், கன்ட்ரி, புளூகிராஸ், காஸ்பல் என்று நாட்டார் பாட்டில் வேர்விட்ட எல்லாவற்றையும் சேர்த்துத்தான். தமிழில் ஒவ்வொரு முறையும் அதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு தடவை சொல்லிவிட்டு 'ரூட்ஸ்' என்றே எழுதுங்கள், வாசகருக்குப் பழகிவிடும்.

2. செலவுக் கணக்கு

பெரிய செலவு இல்லை, ஆனால் தப்பான இடத்தில் போடுபவர்கள் நிறையப் பேர். நானும் போட்டேன்.

இணையத்தில் பாட்டுக் கேட்கும் செயலிக்குச் சந்தா மாதம் 10 முதல் 15 வெள்ளிக்குள் முடிந்துவிடும். இலவசக் கணக்கில் விமர்சனம் எழுத வேண்டாம். பாட்டுகளின் வரிசை கலையலாம், நடுவில் விளம்பரம் வரும். ஒயர் வைத்த சாதாரண ஹெட்ஃபோன் ஒன்று 100 வெள்ளி அளவில் வாங்குங்கள், அதுவே பல ஆண்டு உழைக்கும். இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஓர் ஆல்பத்தின் டிஜிட்டல் பிரதி பெரும்பாலும் 10 முதல் 16 வெள்ளிக்குக் கிடைக்கும். அதில் சுருக்கப்படாத கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். அந்தத் தளம் சில மாதங்களின் முதல் வெள்ளிக்கிழமை தன் கமிஷனை விட்டுக்கொடுத்து, காசு கலைஞருக்குப் போகும்படி செய்கிறது. அந்த நாளை அமெரிக்க மேற்குக் கரை நேரத்தில் கணக்கிடுகிறார்கள். அங்கே கோடைக்காலம் என்றால் நமக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கும், குளிர்காலம் என்றால் 4 மணிக்கும் தொடங்கும். காலையிலேயே வாங்கிவிட்டு ஏமாறாதீர்கள்.

இசைத்தட்டு வாங்குவதில்தான் கை சுட்டுக்கொள்வோம். தட்டு 40 வெள்ளி, அனுப்பும் கட்டணம் 30 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023-லிருந்து 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருளுக்கும், விற்பவர் இங்கே பதிந்தவராக இருந்தால், பொருள் சேவை வரி உண்டு. 2024 முதல் அது 9 விழுக்காடு. ஆக 70 வெள்ளிக்கு மேல் இன்னும் 6 வெள்ளி 30 காசு. ஒரே ஆல்பத்துக்கு 76 வெள்ளி கொடுத்துவிட்டு அது பிடிக்கவில்லை என்று எழுத மனசு வராது. என் ஐந்தாவது விமர்சனம் அப்படித்தான் கெட்டது. முதல் ஓராண்டு தட்டு வாங்கவே வாங்காதீர்கள்.

காசில்லாமல் கிடைப்பதும் உண்டு. எஸ்பிளனேடின் மூன்றாம் மாடியில் இருக்கும் நூலகம் நிகழ்கலைகளுக்கென்றே அமைந்தது. இசைப் புத்தகங்களும் இசைக்குறிப்புத் தாள்களும் அங்கே உண்டு. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உறுப்பினர் கட்டணம் இல்லை. புளூஸின் வரலாறு பற்றி ஒரு புத்தகமாவது எடுத்துப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். இரவல் காலம் 21 நாள், முதல் ஆல்பத்துக்கு அது போதும். அப்படியே கீழே இறங்கினால் வெளியரங்கில் பல வார இறுதிகளில் இலவசக் கச்சேரி நடக்கும். ஆண்டுதோறும் அங்கே நடக்கும் பேபீட்ஸ் இசை விழாவிலும் பல கச்சேரிகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளூர்க் குழுவின் ஆல்பத்தை எழுதப்போகிறீர்கள் என்றால், அவர்களை ஒரு தடவையாவது மேடையில் பாருங்கள்.

3. ஆவணங்கள்: பாட்டைக் கேட்பதற்கு முன்னால்

எனக்கு அதிகம் இடறியது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு சொல் எழுதுவதற்கு முன் உங்கள் கையில் இருக்க வேண்டியவை:

முதலாவது, யார் எழுதினார், யார் வாசித்தார், எங்கே பதிந்தார்கள் என்ற விவரத் தாள். செயலிகளில் இது அரைகுறையாகத்தான் இருக்கும். லேபிளின் பக்கத்திலோ பேண்ட்கேம்ப் பக்கத்தின் அடியிலோ பெரும்பாலும் முழுசாகக் கிடைக்கும். 'டெல்டா கிரீம்' தாளில் கென்னி பிரவுன், எரிக் டீட்டன் என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. முதலாமவர் பர்ன்சைடுடன் பல காலம் கிட்டார் வாசித்தவர், இரண்டாமவர் கிம்பரோவுடன் வாசித்தவர். இந்த ஒரு தகவல் தெரிந்தால் ஆல்பமே வேறு மாதிரி கேட்கும். பெரியவர்களின் பாட்டை, அந்தப் பெரியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்களை அழைத்துவந்து, இரண்டு பிற்பகலில், மொத்தம் பத்து மணி நேரத்தில் பதிந்திருக்கிறார்கள். அந்த அவசரமும் தளர்வும் ஆல்பத்தில் கேட்பதற்குக் காரணம் அதுதான். நான் அதைக் 'கவனக்குறைவான பதிவு' என்று எழுதியிருந்தேன்.

இரண்டாவது, பாட்டு வரிகள். காதால் கேட்டுப் புரிந்துகொண்டதை நம்ப வேண்டாம். மிசிசிப்பிக்காரரின் உச்சரிப்பு நமக்குப் பழக்கம் இல்லை. ரசிகர்கள் எழுதிப்போட்ட வரிகளிலும் பிழை இருக்கும். லேபிளிடம் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

மூன்றாவது, உரிமைக் குறிப்பு. ஆல்பத்தின் அடியில் வட்டத்துக்குள் 'சி' என்றும், வட்டத்துக்குள் 'பி' என்றும் இரண்டு குறி இருக்கும். 'சி' அட்டைப்படம், அச்சு ஆகியவற்றுக்கு, 'பி' ஒலிப்பதிவுக்கு. 'பி'க்குப் பக்கத்தில் பழைய ஆண்டு இருந்தால் அது மறுவெளியீடு. செயலிகள் மறுவெளியீட்டுக்கும் இந்த ஆண்டின் தேதியைப் போட்டுவிடும். என் நண்பர் ஒருவர் முப்பது ஆண்டுக்கு முந்திய பதிவைப் 'புதுக்குரல்' என்று வரவேற்று எழுதி, அது வெளியாவதற்குச் சற்று முன்புதான் கண்டுபிடித்து நிறுத்தினோம்.

நான்காவது, பெயர்த் தாள். புளூஸில் ஒரே பெயரில் இருவர் இருப்பார்கள். சன்னி பாய் வில்லியம்சன் என்ற பெயரில் இரண்டு பேர், இருவருமே ஹார்மோனிகாக்காரர்கள். ஒருவர் 1948-இல் இறந்தார், மற்றவர் 1965-இல். 'சன்னி பாயின் பாதிப்பு தெரிகிறது' என்று எழுதினால் எந்த சன்னி பாய் என்று கேட்பார்கள். பெயரைத் தமிழில் எழுதும்போது, அந்தக் கலைஞரோ பேட்டியெடுப்பவரோ அதை உச்சரிப்பதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். ரூட்ஸ் பாடகி ரியானன் கிடன்ஸை நான் 'ஜிட்டன்ஸ்' என்று எழுதிக் குட்டு வாங்கினேன்.

ஐந்தாவது, ஆல்பத்தின் தலைப்புக்கு என்ன பொருள் என்ற விவரம். கிறிஸ்டோன் 'கிங்ஃபிஷ்' இங்கிராமின் 2021 ஆல்பத்துக்கு '662' என்று பெயர். அது வட மிசிசிப்பியின் தொலைபேசிக் குறியீட்டு எண், அவருடைய சொந்த ஊர் கிளார்க்ஸ்டேல் அதற்குள் வரும். அது தெரியாமல் 'மர்மமான எண்' என்று எழுதினால் வாசகர் அடுத்த வரிக்குப் போகமாட்டார்.

4. முன்கூட்டியே ஆல்பத்தைப் பெறுவது

ஆல்பம் வெளியாவதற்குக் குறைந்தது நான்கு வாரம் முன்னால் எழுத வேண்டும். ஆறு வாரம் என்றால் இன்னும் நல்லது. யாருக்கு எழுதுவது? லேபிளின் பக்கத்தில் ஊடகத் தொடர்பு என்று ஒரு முகவரி இருக்கும். கலைஞருக்கு நேரடியாக எழுத வேண்டாம், உள்ளூர்க் குழு என்றால் மட்டும் எழுதலாம்.

மெயில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். எட்டு வரிக்கு மேல் வேண்டாம். நீங்கள் யார், எந்த இதழில் எழுதுகிறீர்கள், என்றைக்கு வெளியிடுவீர்கள், இதுவரை எழுதிய மூன்று விமர்சனங்களின் இணைப்பு. இங்கே ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் உறைக்கவே இல்லை: அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வெறும் இணைப்பை அனுப்பினால், நீங்கள் புகழ்ந்தீர்களா திட்டினீர்களா, எழுதத் தெரிந்தவரா இல்லையா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே இரண்டு வரி ஆங்கிலச் சுருக்கம் கொடுங்கள். சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று, வாசகர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள் என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரியைச் சேர்க்கும்வரை 20 மெயிலுக்கு ஒரு பதில் வந்தது. சேர்த்த பிறகு 20-க்கு நான்கு.

வரும் இணைப்பில் பெரும்பாலும் உங்கள் பெயருக்கென்று காதுக்குக் கேட்காத ஒரு முத்திரை இருக்கும். நண்பருக்கு அனுப்பினால், அது வெளியே கசிந்தால், யாரிடமிருந்து போனது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள், வீட்டில் இருப்பவருக்குக்கூட.

அப்புறம், 'எம்பார்கோ' நேரம். இந்த நேரத்துக்கு முன் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை அது. நியூயார்க் காலை 9 மணி என்றால் அங்கே கோடையில் நமக்கு இரவு 9, குளிர்காலத்தில் இரவு 10. லண்டன் காலை 9 என்றால் நமக்கு மாலை 4 அல்லது 5. தேதியை மட்டும் பார்த்துவிட்டு நம் நள்ளிரவில் வெளியிட்டால், அவர்களுக்கு அது இன்னும் முந்தின நாள் பகல். அந்த லேபிளிடமிருந்து மறுபடி ஒன்றும் வராது.

முன்பிரதி கிடைக்கவில்லையா? பரவாயில்லை. செயலிகளில் பெரும்பாலான ஆல்பங்கள் அந்தந்த ஊர் நள்ளிரவில் திறக்கின்றன. அதனால் வியாழன் நள்ளிரவில் நமக்குக் கிடைக்கும்போது நியூயார்க்கில் இன்னும் வியாழன் நண்பகல்தான். வார இறுதி முழுக்கக் கேட்டுவிட்டு அடுத்த புதன்கிழமை கொடுத்தால் போதும். முதல் நாளே கொடுக்க வேண்டும் என்று எந்த ஆசிரியரும் என்னிடம் கேட்டதில்லை.

5. கேட்பது

குறைந்தது ஐந்து தடவை, ஒரு வாரத்துக்குள். ஒரே ராத்திரியில் ஐந்து தடவை கேட்பது கணக்கில் சேராது. காது களைத்துவிடும்.

தொடங்கும் முன் செயலியின் அமைப்புகளைத் திறந்து, பாட்டுகளைக் கலைத்துப்போடுவது, ஒரு பாட்டை இன்னொன்றில் கரைப்பது, ஈக்வலைசர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். டால்பி அட்மோஸ் தானாக ஓடும்படி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அட்மோஸ் என்பது தனியாகச் செய்த வேறொரு ஒலிக்கலவை. அதைக் கேட்டுவிட்டு 'குரல் எங்கோ தள்ளி நிற்கிறது' என்று எழுதினால், சாதாரணப் பிரதியைக் கேட்கும் வாசகருக்கு ஒன்றும் புரியாது. இரண்டு ஆல்பங்களை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும்.

முதல் தடவை குறிப்பே எடுக்க வேண்டாம், போனைத் தள்ளி வைத்துவிட்டு முழுசாகக் கேளுங்கள். இரண்டாவது தடவை விவரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு. மூன்றாவது தடவை வரிகளைப் படித்துக்கொண்டு. நான்காவது ஸ்பீக்கரில், ஆனால் அடுக்குமாடி வீடு என்பதை நினைவில் வைத்துப் பத்தரை மணிக்கு முன்னால். ஐந்தாவது வெளியில். ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போவதற்குள் ஓர் ஆல்பம் கிட்டத்தட்ட முடிந்துவிடும், எனக்கு அது வசதி. ஆனால் ரயிலில் கேட்டதை வைத்து ஒலியைப் பற்றித் தீர்ப்பு எழுதாதீர்கள். ரயிலின் இரைச்சல் தாழ்ந்த ஸ்தாயியை விழுங்கிவிடும். ஓர் ஆல்பத்தில் 'பேஸ் கிட்டார் மெலிந்திருக்கிறது' என்று எழுதிவிட்டு, வீட்டில் ஹெட்ஃபோனில் கேட்டபோது அது சுவர்போல நின்றது.

குறிப்பு எடுப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு என் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். சென்ற ஆண்டு ஓர் உள்ளூர்க் குழு அனுப்பிய ஆல்பம் அது. மூன்றாவது பாட்டு. ஸ்லைடு என்பது விரலில் மாட்டிய குழாயைக் கம்பியின் மேல் வழுக்கி வாசிப்பது. "0:00 ஆம்ப்ளிஃபயர் உறுமல், யாரோ தொண்டையைக் கனைக்கிறார். 0:07 ஸ்லைடு, கண்ணாடி கம்பியில் உரசுவது முதலில், சுரம் அரை நொடி பின்னால். 1:32 இரண்டாவது முறை அதே வரி, இப்போது குரல் உடைகிறது, வேண்டுமென்றா? 2:14 டிரம்ஸ் நிற்கிறது. மூச்சு மட்டும். 2:19 திரும்ப வரும்போது முன்னைவிட மெதுவாக வருகிறார்கள். மெட்ரோனோம் இல்லாமல் பதிந்திருக்கிறார்கள்." 'அருமை', 'அற்புதம்' என்று அந்தப் பக்கத்தில் ஒரு சொல் கிடையாது. விமர்சனம் எழுதும்போது கடைசி மூன்று குறிப்புகளிலிருந்துதான் மூன்று பத்தி வந்தது.

பன்னிரண்டு பார் புளூஸை எண்ணப் பழகுங்கள். ஒரு பாருக்கு 4 எண்ணிக்கை, 12 பார் ஒரு சுற்று. முதல் 4 பார் ஆதார ஸ்ருதியில், அடுத்த 2 மத்யமத்தில், 2 மறுபடி ஆதாரத்தில், கடைசி 4-இல் பஞ்சமத்தைத் தொட்டு, மத்யமம் வழியாக வீடு திரும்பும். கீபோர்டில் ஸ, ம, ப என்று வாசித்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் வந்துவிடும். அதற்கப்புறம் ஒரு பாட்டு அந்தச் சுற்றிலிருந்து எங்கே விலகுகிறது என்று கேட்கத் தொடங்குவீர்கள், விமர்சனத்தில் எழுத வேண்டிய இடம் அதுதான். பர்ன்சைட், கிம்பரோ வழியில் வரும் மலைப்பகுதி புளூஸ் பெரும்பாலும் இப்படிச் சுற்றாது. ஒரே கார்டில், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஒரே சுரக்கூட்டில், நின்று தாளத்தை ஓட்டிக்கொண்டே போகும். 'கார்டு மாறவே இல்லை, சலிப்பாக இருக்கிறது' என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பாணியே அதுதான். உடுக்கை அடித்துப் பாடும்போது நாம் கார்டு மாறவில்லை என்றா குறைப்படுகிறோம்?

இன்னொரு யோசனை. பெனின்சுலா ஷாப்பிங் சென்டரின் கிட்டார் கடைகளுக்கு ஒரு சனிக்கிழமை போய், ஸ்லைடு குழாயை விரலில் மாட்டிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். நான் போனபோது கடைக்காரப் பெரியவர் பொறுமையாகக் காட்டினார். கண்ணாடிக் குழாயை மோதிர விரலில் மாட்டி, கம்பியை அழுத்தாமல், கிட்டார் கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டைக்கு நேர் மேலே வைக்க வேண்டும். ஒரு மயிரிழை தள்ளினாலும் சுரம் பிசகியது, குழாய் கட்டையில் தட்டிக் கலகலத்தது. அன்றைக்குப் பிறகு 'ஸ்லைடு சுத்தமாக விழுகிறது' என்று எழுதும்போது எவ்வளவு பெரிய பாராட்டைச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

6. தமிழில் சொல்லுவது

ரிஃப், சோலோ, டிரம்ஸ், ஹார்மோனிகா, ஸ்லைடு இவற்றை அப்படியே எழுதுங்கள். 'மீள்வரு இசைத்துணுக்கு' என்று எழுதி யாருக்கும் புரியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வாத்தியம் என்ன செய்கிறது என்பதற்குத் தமிழில் சொல் இருக்கிறது. கிட்டாரில் கம்பியை இழுத்துச் சுரத்தை உயர்த்துவதை வீணைக்காரர்களும் செய்கிறார்கள். அதை 'இழுப்பு' என்றால் போதும். ஸ்லைடுக்குக் கோட்டுவாத்தியம் நல்ல உவமை, இரண்டிலும் கம்பியின் மேல் வழுக்கித்தான் சுரம் பிறக்கிறது. ஷஃபிள் தாளத்தை, திஸ்ர நடையில் நடுத்தட்டை விழுங்கியது என்று சொன்னால் மிருதங்கம் படித்த வாசகர் உடனே பிடித்துக்கொள்வார். புளூஸ் பாடகர் தொடும் அந்தக் கசந்த சுரம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் ஊசலாடும் ஒன்று.

இதில் பொறி ஒன்று உண்டு. இந்த ஒப்புமைகள் கைக்கு வந்ததும் நான் பத்திக்குப் பத்தி கர்நாடக இசையைக் கொண்டுவந்தேன். சங்கீதம் தெரியாத வாசகருக்கு இரண்டு பக்கமும் புரியாமல் போனது. ஒரு விமர்சனத்துக்கு ஓர் உவமை போதும். உவமை வேறு, உறவு வேறு என்பதையும் மறக்க வேண்டாம். கோட்டுவாத்தியத்திலிருந்து ஸ்லைடு வந்தது போலத் தொனிக்கும் வாக்கியத்தை எழுதவே கூடாது.

லேபிள் அனுப்பும் அறிவிப்பிலிருந்து ஒரு சொற்றொடரைக்கூட மொழிபெயர்த்துப் போடாதீர்கள். 'இதுவரை இல்லாத அளவுக்கு மனந்திறந்த படைப்பு' என்று எல்லா அறிவிப்பிலும் இருக்கும். எழுதும் நாளில் அறிவிப்பைத் திறக்காமல், உங்கள் நோட்டையும் விவரத் தாளையும் மட்டும் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. எழுதும் அளவும் வரிசையும்

எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் 500 முதல் 700 சொல் கேட்கிறார்கள். முதல் பத்தியிலேயே யார், என்ன ஆல்பம், என்றைக்கு வந்தது, உங்கள் கருத்து என்ன என்று நான்கும் வந்துவிட வேண்டும். எல்லாப் பாட்டையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டாம், மூன்று பாட்டை எடுத்து ஆழமாகச் சொல்லுங்கள். பழைய பாட்டுகளின் மறுபாடல் என்றால் மூலத்தையும் ஒரு தடவை கேட்டே ஆக வேண்டும். புளூஸ் பாடகர் தாஜ் மஹாலும் கிட்டார்காரர் ரை கூடரும் 2022-இல் தந்த 'கெட் ஆன் போர்ட்' முழுக்க சன்னி டெர்ரி, பிரவுனி மெகீ இருவரும் பாடிய பாட்டுகள். அந்த இணையின் ஹார்மோனிகாவும் கிட்டாரும் பேசிக்கொள்வதைக் கேட்காமல், இந்த இரு கிழவர்களும் எதை வைத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்று சொல்ல முடியாது.

நட்சத்திர மதிப்பெண் கேட்டால், எழுதி முடித்து ஒரு நாள் கழித்துப் போடுங்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள், எந்தப் பாட்டில், எந்த இடத்தில் என்று காட்டி. உள்ளூர்க் குழு என்பதற்காகப் பொய்யாகப் பாராட்டுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை. நண்பர் வாசித்த ஆல்பம் என்றால் வேறொருவரை எழுதச் சொல்லுங்கள்.

8. சட்டம், பாஸ், பணம்

பாட்டு வரிகளை விமர்சனத்தில் மேற்கோள் காட்ட 2021 காப்புரிமைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நியாயமான அளவில், யாருடையது என்று சொல்லிக் காட்ட வேண்டும். நான் இரண்டு வரிக்கு மேல் போவதில்லை, மீதியைப் பொருளாகத் தமிழில் சொல்லிவிடுவேன். படத்துக்கு லேபிள் தந்ததை மட்டும் பயன்படுத்துங்கள், புகைப்படக்காரர் பெயரைக் கட்டாயம் போடுங்கள்.

வேலை அனுமதியில் இங்கே இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் பாஸ் ஒரு முதலாளிக்கு வேலை பார்க்கத் தந்தது. அதை வைத்துக்கொண்டு வெளியில் காசுக்கு எழுதுவது விதிமீறல் ஆகலாம். 50 வெள்ளிக்காகப் பாஸைப் பணயம் வைக்காதீர்கள். பணம் வாங்குவதற்கு முன் மனிதவள அமைச்சிடம் எழுதிக் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சொந்தப் பெயரில் எழுதினால் தனியாக வியாபாரப் பதிவு தேவையில்லை. வரும் பணத்தை வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும், இணையவழித் தாக்கலுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 18. சந்தா, ஆல்பம் வாங்கிய ரசீதுகளை ஒரே கோப்புறையில் போட்டு வையுங்கள்.

'இவ்வளவு தருகிறோம், நல்லபடியாக எழுதுங்கள்' என்று கலைஞர்கள் தரப்பிலிருந்தே மெயில் வரும். எனக்கு இதுவரை மூன்று வந்திருக்கின்றன. மறுத்துவிடுங்கள். இதழ் தரும் பணம் வேறு, பாடியவர் தரும் பணம் வேறு.

9. வெளியான பிறகு

அன்றைக்கே லேபிளுக்கு இணைப்பை அனுப்புங்கள், கூடவே ஐந்து வரி ஆங்கிலச் சுருக்கம். குறை சொல்லியிருந்தால் அதையும் மறைக்காமல் சுருக்கத்தில் எழுதுங்கள். பிழை ஏதாவது சுட்டிக்காட்டினால் ஆசிரியரிடம் சொல்லி ஒரு நாளைக்குள் திருத்துங்கள், திருத்தினோம் என்று கீழே ஒரு வரி போடச் சொல்லுங்கள்.

எனக்கு ஒரு லேபிளின் பட்டியலில் நிரந்தர இடம் கிடைத்தது, அவர்களுடைய ஆல்பத்தைப் பாராட்டி எழுதியபோது கிடைத்ததல்ல. நான்கு பாட்டுகளில் டிரம்ஸ் அளவுக்கு மீறி முன்னால் வந்து குரலை மூடுகிறது என்று நிமிடம், நொடியோடு எழுதி, அதை அப்படியே சுருக்கத்தில் அனுப்பியிருந்தேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: அடுத்த ஆல்பம் செப்டம்பரில் வருகிறது, எந்த முகவரிக்கு அனுப்பட்டும்?